ஆகலாம்

லோதி சாலை அலுவலகத்தில் ஹீட்டர் ஒன்றுதான்,
அதுவும் அதிகாரியின் கால்மாட்டில்.
எனக்கு ஹெட்போன்.
குறியிட்ட இடங்களை மட்டும்
தமிழில் கேட்டு இந்தியில் எழுத வேண்டும்.
மௌனம் வந்தால் எத்தனை விநாடி,
இருமல் வந்தால் இருமல்.
பக்கத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.

மேலப்பாளையத்துப் பையன், செய்யது மஸூது.
ஓக்லாவில் ஏசி ரிப்பேர்.
நாற்பத்தொரு மணி நேரம் பேசியிருக்கிறான்.
கம்ப்ரசர், வட்டிக் கடன்,
ஊரில் மழையா,
இங்கே தண்ணி உப்பு.

அறுபத்து மூன்றாம் பதிவில் கேட்டான்:
சாமான் வந்துருச்சா உம்மா?
வந்துருச்சுல. அண்டாதான் பாக்கி.
பத்திரமா வைங்க. யார் கண்ணுலயும் படாண்டாம்.

பாத்திரம் என்று எழுதினேன்.
சௌராசியா சார் பேனாவால் அந்த இடத்தைத் தட்டினார்.
மேடம், இந்தச் சொல்லுக்கு
வேறு அர்த்தம் ஆகுமா?

என்ன சொல்வது.
மளிகைச் சாமான், தட்டுமுட்டுச் சாமான்,
பூஜைச் சாமான்,
ஆம்பிளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லும் சாமான்.
எதையும் தூக்கிப் போட்டுக்கொள்ளும் சொல் அது,
வாய் அகன்ற பை.
தங்கைக்கு நிச்சயமானது ஐம்பத்தெட்டாம் பதிவில் இருக்கிறது.
அதில் குறி இல்லை.

ஆகலாம், என்றேன்.

பொய் இல்லை.
இத்தனை வருஷத்தில்
நான் சொன்ன மிகத் துல்லியமான தமிழ் அதுதான்.
அவர் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

பையன் சொக்கத்தங்கம் என்று சொல்ல வரவில்லை.
எழுபத்தொன்றில் அவன் குரலே வேறு.
யாரோ பேசியதை மனப்பாடம் செய்த குரல்,
மூச்சு விடவேண்டிய இடத்தில் விடாத குரல்.
தர்காவுக்குப் போகாதீங்க, அது ஷிர்க்.
செல்வியக்கா பொங்கல் கொடுத்தா வாசலோட அனுப்பிருங்க.
அவங்க வேற, நாம வேற.
கை குளிர்ந்து பேனா நழுவியது எனக்கு.
அந்தச் செல்வியக்கா யாரோ,
எந்த வருஷத்துப் பொங்கலோ.

உம்மா அவசரப்படவில்லை.
வெற்றிலையோ எதையோ ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:
பொட்டல்புதூர்ல நேந்துதாம்ல நீ பொறந்த.
உன்னயத் திருப்பிக் கொடுத்துட்டு வரட்டா?

மௌனம், பதினொரு விநாடி.
பிறகு அவனுடைய பழைய குரல்:
அண்டா வாங்கியாச்சா?

அம்மா பேசுவது வேண்டாம் மேடம்,
என்றார் சௌராசியா சார்.
அவன் பேசியது போதும்.

ஜோர்பாக் மெட்ரோவில் முகில் போன்.
நொய்டாவில் வேலை, சனிக்கிழமை வருவான்.
அம்மா, அந்த இலியாஸ் வண்டில மாதுளை வாங்காதே.
துப்பிட்டு விக்கிறானுங்க. வீடியோ இருக்கு.
அவங்க எப்பவும் வேறதான்மா, உனக்குப் புரியாது.

என் வயிற்றில் பிறந்த குரல்
மூச்சு விடவேண்டிய இடத்தில் விடாமல் போகிறது.

இலியாஸுக்கு இவன் ஏழாம் வகுப்பிலிருந்தே தெரியும்.
மஞ்சள் காமாலையில் கிடந்தபோது
மாதுளையும் கரும்பும் கொண்டுவந்து மாடியில் வைத்துவிட்டு
காசை அடுத்த மாதம் வாங்கிக்கொண்ட ஆள்.
இன்று காலை எடை போட்ட பிறகும்
ஒன்றைச் சேர்த்துப் போட்டான்.
பையில்தான் இருக்கிறது,
முழங்காலில் இடித்துக்கொண்டு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தொழில் பழக்கம், விநாடியை எண்ணினேன்.
ஐஎன்ஏ வந்து, கதவு திறந்து, மூடியது.
பதினொன்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.
சாப்டியாடா, என்று கேட்டேன்.

அந்த உம்மாவின் பதிலை
மூன்று முறை ஓட்டிக் கேட்டவள் நான்.
குறி இல்லாவிட்டாலும்
இந்தியில் எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது.
அதற்குப் பணம் கிடையாது.
தாளை மடித்துப் பையில் போட்டேன்,
மாதுளையோடு.